பறவைக் கூட்டத்துக்கும் தோல் செல்லுக்கும் ஒரே சமன்பாடா? ஆக்டிவ் மேட்டர் பற்றிக் கொஞ்சம் சண்டை போடலாம்

ஈசூன்வாசி

என் மகள் தொடக்கக்கல்லூரியில் இயற்பியல் எடுத்திருக்கிறாள். விடுமுறையில் ஏதாவது ஒரு சிமுலேஷன் செய்து பார்க்க வேண்டும் என்று ‘ஆக்டிவ் மேட்டர்’ என்ற தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பறவைக் கூட்டம், மீன் கூட்டம், பாக்டீரியா, காயம் ஆறும்போது நகரும் தோல் செல்கள், எல்லாவற்றையும் ஒரே குடும்பத்துச் சமன்பாடுகளால் எழுதலாமாம்.

நான் சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் பம்பும் குழாயுமாகக் காலம் தள்ளுகிறவன். திரவ இயக்கவியல்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதனாலேயே சந்தேகம் வருகிறது. தண்ணீர் மூலக்கூறுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது, அதற்குச் சமன்பாடு எழுதலாம். மைனாவுக்கு மூளை இருக்கிறது, பசி இருக்கிறது, பருந்தைக் கண்டால் பயம் இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்பதைத் தாண்டி இதில் என்ன இயற்பியல்? குறிப்பாக ஒன்று கேட்கிறேன். அளந்து பார்ப்பதற்கு முன்பே இந்தக் கோட்பாடு எதையாவது சொல்லி, பிறகு அது நடந்திருக்கிறதா? நடந்து முடிந்ததற்கு விளக்கம் சொல்ல ஜோசியரே போதும்.

ஆய்வுக்கூட_எலி

அண்ணே, உயிர், மூளை இரண்டையும் முதலில் ஓரமாக வையுங்கள். ஆற்றல் எங்கே நுழைகிறது என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் குழாயில் பம்ப் ஒரு முனையில் இருந்து தள்ளுகிறது. நடுவில் இருக்கும் தண்ணீர் வெறுமனே தள்ளப்படுகிறது. பம்பை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிச் சமநிலைக்கு வந்துவிடும். ஆக்டிவ் மேட்டரில் ஒவ்வொரு துகளுக்குள்ளும் ஒரு பம்ப். அது உணவையோ எரிபொருளையோ எடுத்து, தான் இருக்கிற இடத்திலேயே அசைவாக மாற்றுகிறது. எந்தப் பக்கம் போவது என்பதை வெளியில் இருக்கும் யாரும் தீர்மானிப்பதில்லை, அதன் உடல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறதோ அதுதான் தீர்மானிக்கிறது. ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர், வேகம் நொடிக்கு 20, 30 மைக்ரோமீட்டர். அந்த அளவில் நிலைமம் என்பதே கிடையாது. எட்வர்ட் பர்செல் 1977-இல் போட்ட கணக்குப்படி, அது நீந்துவதை நிறுத்தினால் ஓர் அணுவின் விட்டத்துக்கும் குறைவான தூரத்தில் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அந்தக் கணமே செலவு செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

சரி, இதனால் என்ன ஆகிறது? சமநிலை வெப்ப இயக்கவியல் கொடுத்திருந்த உத்தரவாதங்கள் போய்விடுகின்றன. உங்களுக்குப் பிடிக்காத உதாரணம் ஒன்று சொல்கிறேன். அழுத்தம். ஒரு வாயுவின் அடர்த்தியும் வெப்பநிலையும் தெரிந்தால் அழுத்தம் தெரியும். சுவர் இரும்பா ரப்பரா என்று யாரும் கேட்பதில்லை. தானே நகரும் துகள்கள் நிறைந்த திரவத்தில், பொதுவாக அப்படி இல்லை என்று 2015-இல் காட்டினார்கள். சுவர் துகளை எப்படித் திருப்பிவிடுகிறது என்பதைப் பொறுத்து, அதே திரவம் இரண்டு சுவர்களில் இரண்டு அழுத்தம் காட்டும்.

இன்னொன்று. ஒன்றையொன்று தள்ள மட்டுமே தெரிந்த துகள்கள், ஈர்ப்பு விசை துளியும் இல்லாமல், தானாகக் கட்டிதட்டிக்கொள்ளும். நெரிசலில் வேகம் குறைகிறது, வேகம் குறைந்த இடத்தில் இன்னும் சேர்கிறது, அவ்வளவுதான் காரணம். டய்யரும் கேட்ஸும் 2008-இல் எழுதியது. சமநிலையில் இருக்கும் பொருளில் வேகம் குறைவது மட்டுமே இப்படிக் கட்டிதட்ட வைக்காது.

தேக்கா_காப்பி

ஈர்ப்பு விசை இல்லாமல் கட்டிதட்டுவதைப் பார்க்க ஆய்வுக்கூடம் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா பஃபலோ சாலை நடைபாதைக்கு வாருங்கள்.

ஈசூன்வாசி

சுவரைப் பொறுத்து அழுத்தம் மாறும் என்றால் எங்கள் பட்டறையில் பாதிப் பேர் வேலையை விட்டுவிடுவார்கள். ஆனால் தம்பி, இது நீங்கள் எழுதிய மாதிரிக்குள் இருக்கும் துகள். என் கேள்வி மைனாவைப் பற்றியது. மூளையை ஓரமாக வைக்கச் சொல்கிறீர்கள். ஏன் வைக்க வேண்டும்?

கூத்தாநல்லூரான்

மூளை இல்லாமலே அது நடக்கிறது என்பதால்தான்.

1995-இல் ஹங்கேரிக்காரரான தமாஷ் விச்செக்கும் கூட்டாளிகளும் ஒரு மாதிரி எழுதினார்கள். வெட்கப்படும் அளவுக்கு எளிமையானது. ஒவ்வொரு புள்ளியும் ஒரே வேகத்தில் நகர்கிறது. ஒவ்வொரு படியிலும் தன்னைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பவர்களின் சராசரித் திசையை எடுத்துக்கொள்கிறது. அதில் கொஞ்சம் தற்செயலான பிசகு சேர்கிறது. முடிந்தது. பிசகு அதிகம் என்றால் ஆளுக்கு ஒரு பக்கம் போகும். பிசகைக் குறைத்தாலோ கூட்டத்தை அடர்த்தியாக்கினாலோ, தலைவன் யாரும் இல்லாமல் மொத்தக் கூட்டமும் ஒரு பக்கம் திரும்பிவிடும்.

இதில் இயற்பியல்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது எது தெரியுமா? இரு பரிமாணத்தில் அப்படி ஒரு ஒழுங்கு வரவே கூடாது. மெர்மின், வாக்னர் இருவரும் 1966-இல் நிறுவிய தேற்றம் இருக்கிறது. தட்டையான பரப்பில் எந்தத் திசையையும் பார்க்கக்கூடிய அம்புகளை வைத்து, ஒவ்வொன்றும் பக்கத்து அம்போடு ஒத்துப்போகச் சொன்னால், வெப்பநிலை சுழியத்துக்கு மேல் இருக்கும்வரை சின்னச் சின்ன விலகல்கள் தூரம் போகப்போகச் சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் நெடுந்தூர ஒழுங்கு நிற்காது. அந்தத் தேற்றம் சமநிலைக்குச் சொன்னது. ஜான் டோனரும் யூஹாய் டூவும் அதே 1995-இல் திரவ இயக்கவியல் பாணியில் ஒரு கோட்பாடு எழுதி, நகரும் கூட்டம் இந்தத் தடையை எப்படித் தாண்டுகிறது என்று காட்டினார்கள். அம்பு இடத்தில் நிற்கிறது. பறவை நகர்கிறது. நகர்வதால் அக்கம்பக்கத்தார் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், திசை பற்றிய செய்தி பரவுவதோடு நிற்காமல் சுமந்தும் செல்லப்படுகிறது.

அண்ணன் கேட்ட ‘முன்பே சொன்னது’ இதோ. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீராம் ராமசாமி, அதிதி சிம்ஹா, அவர்களோடு டோனர், மூவரும் 2003-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். சாதாரணப் பொருளில் ஒரு கட்டத்துக்குள் சராசரியாக 10,000 துகள் இருந்தால், எண்ணிக்கை ஏறத்தாழ 100 கூடும் குறையும். அதாவது வர்க்கமூலம். குச்சிபோல் இருந்து, முன்னும் பின்னும் கிளர்ந்துகொண்டே, ஒன்றுக்கொன்று இணையாகப் படுத்திருக்கும் துகள்களில் இந்த ஏற்ற இறக்கம் சராசரிக்கே நேர் விகிதத்தில் வளரும் என்றார்கள். அதே பெங்களூருவில் 2007-இல் அளந்து பார்த்தார்கள். எதை வைத்து? அதிரும் தட்டின்மேல் போட்ட செம்புக் கம்பித் துண்டுகளை வைத்து. ஏற்ற இறக்கம் சொன்னபடியே வந்தது. செம்புக் கம்பிக்கு மூளையும் இல்லை, பருந்தைப் பற்றிய பயமும் இல்லை.

ஈசூன்வாசி

இது உருப்படியான பதில். 2003-இல் கணக்கு, 2007-இல் அளவு. சரி. ஆனால் செம்புக் கம்பி உயிரோடு இல்லை. உயிருள்ள ஒன்றில் இப்படிச் சொல்லி அடித்திருக்கிறார்களா?

ஆய்வுக்கூட_எலி

அடித்திருக்கிறார்கள், அதுவும் உங்கள் பேட்டையிலேயே. பாகுத்தன்மை, அதாவது ஒரு திரவம் ஓடுவதற்கு எவ்வளவு முரண்டுபிடிக்கிறது என்பது.

நீந்தும் நுண்ணுயிர்களில் இரண்டு ரகம் உண்டு. ஈ.கோலை பின்னால் இருக்கும் வாலால் தண்ணீரைத் தள்ளி முன்னால் போகும். கிளாமிடோமோனாஸ் என்ற பாசி முன்னால் இருக்கும் இரண்டு இழைகளால் நீச்சலடித்துத் தன்னை இழுத்துக்கொண்டு போகும். தள்ளுகிறவர், இழுக்கிறவர். இருவருமே உந்துவிசையையும் எதிர்விசையையும் ஒன்றாகச் சுமப்பதால் வெளியிலிருந்து நிகர விசை எதுவும் இல்லை. ஆனால் சுற்றியுள்ள தண்ணீரில் உண்டாகும் ஓட்டம் ஒன்றுக்கொன்று தலைகீழ்.

2004-இல் யஷோதன் ஹட்வல்னே, ராமசாமி முதலியோர் சொன்னது இதுதான்: இந்தக் குறி வேறுபாடு பாகுத்தன்மையில் தெரிய வேண்டும். தண்ணீரில் சின்னத் துகளைக் கலந்தால் கலவை கெட்டியாகும் என்பது ஐன்ஸ்டைன் காலத்துக் கணக்கு. தள்ளுகிறவர்களைக் கலந்தால் இளக வேண்டும், இழுக்கிறவர்களைக் கலந்தால் செத்த துகளைவிட அதிகமாகக் கெட்டிப்பட வேண்டும். 2009-இல் சொகோலோவும் அரான்சனும் பேசிலஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவை வைத்து அளந்தபோது பாகுத்தன்மை 7 மடங்கு வரை குறைந்தது. 2010-இல் பிரான்சில் அந்தப் பாசியை வைத்து அளந்தார்கள், உயிருள்ள பாசிக் கலவை செத்த பாசிக் கலவையைவிடக் கெட்டியாக இருந்தது. 2015-இல் ஈ.கோலை கலவை ஒன்று, மெதுவான ஓட்டத்தில், பாகுத்தன்மை சுழியத்தையே தொட்டது.

சும்மா_வாசிப்பவள்

ஒரு நிமிடம். பாகுத்தன்மை சுழியம் என்றால் உராய்வே இல்லை. அப்படியென்றால் அதை வைத்து ஓயாமல் ஓடும் எந்திரம் செய்துவிடலாமே? வாட்ஸ்அப்பில் வாரம் ஒன்று வருகிறதே, அந்த மாதிரி.

ஆய்வுக்கூட_எலி

இழப்பு இல்லாமல் போகவில்லை அக்கா, இழப்பை வேறொருவர் கட்டுகிறார். பாக்டீரியா தின்னும் உணவு அந்தக் கணக்கை அடைக்கிறது. உணவோ ஆக்சிஜனோ தீர்ந்தால் கலவை பழையபடி கெட்டியாகிவிடும்.

எந்திரம் உண்மையிலேயே செய்தார்கள். 2010-இல் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, ரம்பப் பல் போலச் சாய்ந்த பற்கள் உள்ள, மில்லிமீட்டருக்கும் சிறிய சக்கரத்தைப் பாக்டீரியாக் குளத்தில் போட்டன. பாக்டீரியா எல்லாப் பக்கமும் தாறுமாறாக நீந்துகிறது, சக்கரம் மட்டும் ஒரே பக்கம் சுற்றுகிறது. அமெரிக்கக் குழுவின் சக்கரம் நிமிடத்துக்கு ஓரிரு சுற்று. ஆக்சிஜனைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றினார்கள். வெறும் சூடான தண்ணீரில் இதே சக்கரம் சுற்றாது. மூலக்கூறுகள் இரண்டு பக்கமும் சமமாக மோதும், வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி சக்கரத்தைத் தடுத்துவிடும். சாய்ந்த பல் மட்டும் போதாது, துகள்கள் சமநிலையில் இல்லாமலும் இருக்க வேண்டும்.

செல்லம்மா

பாக்டீரியாவையே பேசிக்கொண்டு நம் ஊரை மறந்துவிட்டீர்களே. நான் செல் வளர்க்கிற வேலையில் இருப்பவள், கணக்குக்காரி இல்லை. கென்ட் ரிட்ஜில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், 2009 முதல் மெக்கானோபயாலஜி இன்ஸ்டிடியூட் இயங்குகிறது. விசைகள் செல்லை என்ன செய்கின்றன என்பதுதான் அவர்கள் தொழில். அங்கிருந்து 2017-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு வேலையைச் சொல்கிறேன்.

உடலில் குடல், சிறுநீரகம், தோல் எதை எடுத்தாலும் மேலே செல்கள் விரிப்புபோல ஒட்டிக்கொண்டு படர்ந்திருக்கும். விரிப்பில் அவ்வப்போது சில செல்கள் செத்து, பக்கத்துச் செல்களால் நெருக்கி வெளியே தள்ளப்படும். எந்த செல் தள்ளப்படும் என்பது பெரிய கேள்வி. மரபணுவைப் பார்ப்பார்கள், ரசாயனச் சைகையைப் பார்ப்பார்கள். இவர்கள் நாய்ச் சிறுநீரகத்திலிருந்து வந்த செல் வகை ஒன்றை வளர்த்து (எங்கள் தொழிலில் எம்டிசிகே என்றால் எல்லோருக்கும் தெரியும்), ஒவ்வொரு செல்லும் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று கோடு போட்டார்கள். கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் எல்சிடி திரையில் இருக்கும் திரவப் படிகம் மாதிரி இருக்கிறது. பெரும்பாலான இடத்தில் இணையாக ஓடுகின்றன, சில இடங்களில் மட்டும் ஒத்துப்போக முடியாமல் முட்டிக்கொள்கின்றன.

உங்கள் கட்டைவிரலைப் பாருங்கள். சாங்கி விமான நிலையக் குடிநுழைவில் முன்பு தேய்த்துத் தேய்த்து வைத்தோமே, அதே ரேகைதான். கோடுகள் கொண்டை ஊசிபோல வளைந்து திரும்பும் நுனி ஒன்று இருக்கும், மூன்று பக்கமும் பிரியும் முக்கோணம் ஒன்று இருக்கும். செல் விரிப்பிலும் இந்த இரண்டு வகைப் புள்ளிகள் உண்டு. முதல் வகையை வால்நட்சத்திர வடிவம் என்பார்கள், புள்ளியை ஒருமுறை சுற்றிவந்தால் கோடு அரைச் சுற்று திரும்புவதால் கணக்கில் +1/2. முக்கோணத்தில் எதிர்ப்பக்கம் திரும்புவதால் −1/2. வெளியே தள்ளப்படும் செல்கள் வால்நட்சத்திரத்தின் பக்கம்தான் அதிகம் என்று கண்டார்கள். அங்கே செல்கள் ஒன்றையொன்று இழுத்து நெருக்குவதால் அமுக்கம் கூடுகிறது. அந்த அமுக்கத்தில் ‘யாப்’ என்ற புரதத்தின் நடமாட்டம் மாறுகிறது, செல்லைச் சாகவைக்கும் கேஸ்பேஸ்-3 என்ற நொதி விழிக்கிறது, செல் சாகிறது.

எங்களுக்கு இது பெரிய விஷயம். ஒரு செல்லின் சாவு, அக்கம்பக்கத்துச் செல்கள் எந்தத் திசையில் படுத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது என்றால், அந்த ஒரு செல்லை மட்டும் பிரித்து எவ்வளவு ஆராய்ந்தாலும் காரணம் கிடைக்காது.

ஈசூன்வாசி

அக்கா, மன்னிக்கணும், சந்தேகப் பிராணி நான். செத்த இடத்தில் கோடு வளைந்திருக்கிறது என்கிறீர்கள். செத்ததால் வளைந்ததோ என்னவோ?

செல்லம்மா

அதையும் விட்டுவைக்கவில்லை. செல்கள் ஒட்டும் பரப்பையே குறிப்பிட்ட வடிவத்தில் அச்சடித்து, வளைவுப் புள்ளி இன்ன இடத்தில்தான் வரவேண்டும் என்று வடிவத்தாலேயே கட்டாயப்படுத்தினார்கள். செல் வெளியேறுவது அந்த இடத்தில் குவிந்தது. செல்களுக்கு நடுவே இருக்கும் பிடிப்பைத் தளர்த்தியபோது புள்ளிகளும் கூடின, வெளியேற்றமும் கூடியது. கணக்குப் பக்கத்தை ஆக்ஸ்ஃபோர்டில் ஜூலியா யோமன்ஸ் குழு பார்த்துக்கொண்டது. தட்டில் வளர்த்த ஒற்றை அடுக்குதான், முழு உடம்பு இல்லை. அந்தத் தூரத்தை நான் மறைக்கவில்லை.

சிமெண்ட்_சித்தப்பா

நான் கட்டுமானத் துறை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2022-இல் பாக்டீரியாவை வைத்து சிமெண்ட் செய்ததாகச் செய்தி வந்ததே, ‘உயிருள்ள பொருள்’ என்று நண்பர்கள் பகிர்ந்தார்கள். அதுவும் இந்தக் கணக்கில் சேருமா? சேர்ந்தால் எங்கள் தளத்தில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

ஆய்வுக்கூட_எலி

பெருமைப்படுங்கள், ஆனால் வேறு காரணத்துக்கு. அங்கே நடப்பது ரசாயனம். பாக்டீரியாவிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது யூரியாவை உடைத்துக் கார்பனேட் தருகிறது, அசெட்டிலின் தயாரிப்பில் மிஞ்சும் கார்பைடு கசடிலிருந்து கால்சியம் வருகிறது, இரண்டும் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக மணல் பருக்கைகளுக்கு நடுவே படிந்து ஒட்டுகிறது. சிறுநீரிலிருந்துகூட யூரியா எடுக்கலாம் என்பதால்தான் செய்தி அப்படிப் பறந்தது. பாக்டீரியா நீந்துகிறதா, எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. வேலை முடிந்தபின் இருப்பது கல்.

‘உயிருள்ள பொருள்’ என்று இன்று விற்கப்படுவதில் பாதி இப்படித்தான் என்பது என் எண்ணம். உயிர் அதைச் செய்தது, அவ்வளவே. செய்து முடித்தபின்னும் உள்ளே எரிபொருள் எரிந்து, அந்த எரிதல் பொருளின் விறைப்பையோ ஓட்டத்தையோ மாற்றிக்கொண்டே இருந்தால்தான் ஆக்டிவ் மேட்டர் என்பேன். 2012-இல் அமெரிக்காவில் ஸ்வோனிமிர் டோகிச் குழு செய்தது அந்த ரகம். செல்லிலிருந்து பிரித்தெடுத்த மைக்ரோடியூபூல் இழைகளையும், அவற்றின்மேல் நடக்கும் கைனசின் என்ற புரத மோட்டார்களையும் கலந்து, செல்லின் எரிபொருளான ஏடிபியை ஊற்றினார்கள். செல் இல்லை, உயிர் இல்லை. ஆனால் அந்தப் படலம் தானாகக் கொதிப்பதுபோலப் புரண்டுகொண்டே இருந்தது. செல்லம்மா அக்கா சொன்ன வால்நட்சத்திரப் புள்ளிகள் அதில் தாமாகவே ஊர்ந்தன. ஏடிபி தீரும்வரை.

தேக்கா_காப்பி

நான் கிண்டலாகச் சொன்னதை யாரும் மதிக்கவில்லை. சீரியஸாகவே கேட்கிறேன், மனிதக் கூட்டம்? தைப்பூசத்தன்று பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்திருக்கிறேன்.

கூத்தாநல்லூரான்

தைப்பூசம் நல்ல உதாரணம் இல்லை தம்பி. தடுப்பு வேலி, தொண்டூழியர்கள், காவடிக்குக் காவடி இடைவெளி. அது ஒழுங்குபடுத்திய ஓட்டம்.

டெனிஸ் பார்டோலோ என்ற பிரெஞ்சுக்காரரின் குழு இரண்டு வேலை செய்திருக்கிறது. 2019-இல் சிகாகோ மாரத்தான் தொடக்கக் கோட்டில் காத்திருக்கும் ஆயிரக்கணக்கானோரை ஒரு திரவமாக எடுத்து, முன்வரிசை நகர்ந்த செய்தி பின்னால் அலையாகப் போகும் விதத்தை அளந்தார்கள். 2025-இல் ஸ்பெயினின் பாம்ப்லோனா திருவிழா. நெரிசல் ஓர் அளவைத் தாண்டியதும், நூற்றுக்கணக்கானோர் யாரும் நினைக்காமலே சேர்ந்து வட்டமாக ஆடுகிறார்கள், ஒரு சுற்றுக்கு 18 நொடி. 2010-இல் ஜெர்மனியின் டூயிஸ்புர்க் இசைவிழாவில் 21 பேர் நெரிசலில் இறந்தார்கள், அந்தக் காணொளிகளிலும் இதே வகை ஆட்டம் தெரிந்தது. ஆகவே கேமராவில் இந்த ஆட்டம் தொடங்குவதைக் கண்டால் முன்கூட்டியே எச்சரிக்கலாம் என்கிறார்கள். இதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஈசூன்வாசி

பாகுத்தன்மைக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், குறி மாறும் என்று முன்பே சொன்னது என்னை மடக்கிவிட்டது. செல் விரிப்பையும் ஏற்றுக்கொள்கிறேன். மைனாவில் மட்டும் இன்னும் உடன்பாடு இல்லை. விதி எங்கிருந்து வருகிறது? ‘பக்கத்தில் இருப்பவரைப் போலத் திரும்பு’ என்று நீங்களாக எழுதுகிறீர்கள். பாக்டீரியாவில் அதைத் தண்ணீர் செய்கிறது. பறவையில்?

கூத்தாநல்லூரான்

அந்த இடத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ரோமில் ஸ்டார்லிங் கூட்டங்களைப் பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாணத்தில் கட்டியெழுப்பிய குழு ஒன்று 2008-இல் சொன்னது: ஒரு பறவை குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் எல்லோரையும் கவனிப்பதில்லை. தூரம் எவ்வளவானாலும், நெருங்கிய ஆறேழு பேரை மட்டும் கவனிக்கிறது. விச்செக் எழுதிய தூர விதி அங்கே பொருந்தவில்லை. அதை அளந்துதான் தெரிந்துகொண்டார்கள், எந்தச் சமன்பாடும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆறேழு என்பது பறவையின் கண்ணும் மூளையும் போட்ட கணக்காகத்தான் இருக்க வேண்டும். ஆர்ச்சர்ட் சாலை மரங்களில் அந்தியில் கூச்சல் போடும் நம் ஜாவா மைனாவும் ஸ்டார்லிங் குடும்பம்தான், ஆனால் ரோமில் போல வானத்தில் கோலம் போடுவதை நான் இங்கே பார்த்ததில்லை.

இதற்கு மேல் மைனாவுக்காக வாதாட என்னிடம் சரக்கு இல்லை. மகள் என்ன செய்யப்போகிறாள்?

ஈசூன்வாசி

விச்செக் மாதிரியைப் பைத்தானில் எழுதப்போகிறாளாம். மடிக்கணினி சாதாரணமானது. என்ன சொல்லி அனுப்பட்டும்?

ஆய்வுக்கூட_எலி

300 புள்ளி போதும், 1995 கட்டுரையிலும் அந்த அளவில் படங்கள் உண்டு. பெட்டியின் வலது ஓரத்தில் வெளியேறுவது இடது ஓரத்தில் நுழைய வேண்டும். திசைகளின் சராசரியைக் கோணங்களைக் கூட்டி வகுத்து எடுக்க வேண்டாம். 359 டிகிரிக்கும் 1 டிகிரிக்கும் நடுவே 180 என்று பதில் வரும், கூட்டம் பின்னோக்கி ஓடும். சைன், கோசைன் இரண்டையும் தனித்தனியாகச் சராசரி எடுத்துப் பிறகு கோணத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள்.

முதலில் பிசகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சராசரித் திசைவேகம் எப்போது விழுகிறது என்று வரைபடம் போடட்டும். மெதுவாகச் சரிவதுபோலத் தெரியும். விச்செக்கும் அப்படித்தான் முதலில் எழுதினார். 2004-இல் கிரெகுவாரும் ஷாத்தேவும் மிகப் பெரிய கூட்டங்களை ஓட்டி, அது உண்மையில் சட்டென்று தாவும் நிலைமாற்றம், சின்னப் பெட்டியில்தான் அது வழுவழுப்பாகத் தெரிகிறது என்றார்கள். இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. அவளுக்கு நேரம் இருந்தால் அதே அடர்த்தியில் பெட்டியைப் பெரிதாக்கிப் பார்க்கட்டும். புள்ளிகள் சீராகப் பரவாமல், நெருக்கமான பட்டைகளாகச் சேர்ந்து ஊர்வது தெரிய ஆரம்பிக்கும்.

ஈசூன்வாசி

பெட்டி எவ்வளவு பெரிதானால் பட்டை தெரியும்? அவள் இப்போதே கேட்கிறாள்.

ஆய்வுக்கூட_எலி

பிசகையும் அடர்த்தியையும் பொறுத்தது. ஆயிரக்கணக்கில் புள்ளி வேண்டியிருக்கும். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றும் எல்லோரையும் தேடினால் உங்கள் மடிக்கணினி தாங்காது. பெட்டியைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, தன் கட்டத்திலும் அடுத்த எட்டிலும் மட்டும் தேடச் சொல்லுங்கள். வேண்டுமென்றால் எழுதிய பைத்தான் நிரலை இங்கேயே ஒட்டட்டும், பார்த்துச் சொல்கிறேன்.